என்ஜினால் ஓடும் பழைய கம்ப்ரசர்: இனம் காணுதலும் அறிகுறி வழியே பழுது அறிதலும்

பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த ஒரு கம்ப்ரசர் கைக்கு வந்தால், முதலில் என்ஜினை ஒரு முறையாவது ஓட வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் எழுவது இயல்பு. அந்த ஆவலைத் தள்ளி வைக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் முதல் வேண்டுகோள். என்ஜின், கம்ப்ரசர், காற்றுத் தொட்டி ஆகிய மூன்றும் ஒரே சட்டத்தில் பூட்டப்பட்டிருந்தாலும், பழுதடையும் விதத்தில் அவை ஒன்றுபோல் இல்லை. என்ஜின் பழுதானால் பெரும்பாலும் நின்றுவிடும். கம்ப்ரசர் பழுதானால் சத்தம் போடும், சூடேறும், பிறகு இறுகும். தொட்டியோ கடைசி நொடி வரை எந்தக் குறியும் காட்டாமல் இருந்துவிட்டுக் கிழியக்கூடும்.

எவ்வளவு ஆற்றல் அதில் அடைபட்டிருக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 200 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியில் 10 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று திடீரென்று விரிந்தால் ஏறத்தாழ 270 கிலோ ஜூல் ஆற்றல் வெளிப்படும். ஒரு டன் எடையை 27 மீட்டர் உயரத்துக்குத் தூக்க அது போதும். அதே தொட்டியில் தண்ணீரை முழுவதுமாக நிரப்பி அதே 10 பார் அழுத்தத்துக்கு ஏற்றினால், தேங்கும் ஆற்றல் இதில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது, ஏனெனில் தண்ணீர் காற்றைப் போலச் சுருங்குவதில்லை. பழைய தொட்டியைத் தண்ணீரால்தான் சோதிக்க வேண்டும், காற்றால் ஒருபோதும் சோதிக்கக் கூடாது என்ற விதி இந்த வேறுபாட்டிலிருந்து பிறந்தது.

இது என்ன இயந்திரம்?

பெயர்த் தகடுகளிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட தகடுகள் இருக்கும்: என்ஜினில் ஒன்று, கம்ப்ரசரில் ஒன்று, தொட்டியில் ஒன்று. ஒன்றின் தகவலை மற்றொன்றின் தகவலாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நேரும் குழப்பம். என்ஜின் தகட்டில் உள்ள சுழற்சி வேகம் கம்ப்ரசருக்கு உரியதன்று. கம்ப்ரசர் தகட்டில் உள்ள அழுத்தம் தொட்டி தாங்கும் அழுத்தமன்று. தகடு மங்கியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்க்காமல் சோப்புத் தண்ணீரில் நனைத்த மென்துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து எழுத்துகளைப் படியெடுக்கலாம். வார்ப்பில் புடைத்து நிற்கும் எண்கள் அந்த உதிரிப் பாகத்தின் எண்கள்; ஒரே வார்ப்பு பல மாடல்களில் பயன்பட்டிருக்கும் என்பதால் அதை மட்டும் கொண்டு மாடலை முடிவு செய்ய இயலாது. குத்துளியால் அடித்த வரிசை எண்ணே பெரும்பாலும் தயாரித்த காலத்தைக் காட்டித் தரும்.

தகடே இல்லையென்றால் உருவத்தைப் படிக்க வேண்டும். குளிர்விக்கும் துடுப்புகளுடன் சிலிண்டர்கள் வெளியே தெரிந்தால் அது பிஸ்டன் வகை. சிலிண்டர்கள் எல்லாம் ஒரே விட்டமாக இருந்தால், காற்றை ஒரே முறையில் அழுத்தி முடிக்கும் ஒற்றைக் கட்டம் என்று கொள்ளலாம். ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இருந்து, இரண்டுக்கும் இடையில் துடுப்புள்ள குழாய் ஓடினால் அது காற்றை இரு முறையாக அழுத்தும் இரட்டைக் கட்டம். இடையில் காற்றைக் குளிர்விக்கும் அந்தக் குழாய்தான் இன்டர்கூலர். இரண்டு பெரிய சிலிண்டர்களும் ஒரு சிறிய சிலிண்டரும் உள்ள இரட்டைக் கட்ட அமைப்பும் உண்டு. ஒற்றைக் கட்டம் பொதுவாக 7 அல்லது 8 பார் வரையிலும், இரட்டைக் கட்டம் 12 பார் அளவு வரையிலும் வேலை செய்யும். பழைய அளவுமானிகள் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அலகில் இருக்கும், 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ.

சிலிண்டர் எதுவும் வெளியே தெரியாமல், நீள உருளை போன்ற ஓர் உறையும் அதனோடு ஒரு பெரிய எண்ணெய்த் தொட்டியும் இருந்தால் அது சுழலும் தகடுகளால் காற்றை அழுத்தும் தகடு வகையாகவோ, சுழலும் திருகுகளால் அழுத்தும் திருகு வகையாகவோ இருக்கும். இவை எண்ணெயில் மூழ்கி ஓடுபவை. இவற்றுக்கான எச்சரிக்கைகளைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இன்னொரு வகை பலரைத் திகைக்க வைத்திருக்கிறது. பார்த்தால் சாதாரண பெட்ரோல் என்ஜின். ஆனால் சில சிலிண்டர்களுக்கு மட்டுமே ஸ்பார்க் பிளக் இருக்கும். மற்றவற்றின் மேல் வேறு வகைத் தலையும் அதிலிருந்து தடித்த குழாயும் இருக்கும். இங்கே என்ஜின் பாதி, கம்ப்ரசர் பாதி. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் ஃபோர்டு வி-8 என்ஜினின் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களைக் காற்று அழுத்துவதற்கென மாற்றி விற்றார்கள். ஷ்ராம் நிறுவனமும் ஒரே கிராங்க் ஷாஃப்டில் இரண்டு வேலையும் நடக்கும் இயந்திரங்களைச் செய்தது. இத்தகைய இயந்திரத்தைப் பிளக் தொலைந்துபோன என்ஜின் என்று எண்ணிச் சரிசெய்யப் புகுந்தவர்கள் அரிய வால்வுத் தலைகளைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். இனம் தெரியும் வரை எதையும் கழற்றாதிருப்பது நல்லது.

காற்றுக் கம்ப்ரசர் போலத் தோன்றி வேறாக இருப்பவையும் உண்டு. உறிஞ்சும் வழியிலும் வெளியேற்றும் வழியிலும் பித்தளை அடைப்பு வால்வுகள் விளிம்பிட்டுப் பூட்டப்பட்டு, ஷாஃப்டில் இறுக்கமான சீல் இருந்தால் அது குளிர்பதனக் கம்ப்ரசராக இருக்கலாம். சொந்தமாக எண்ணெய்த் தொட்டி இல்லாமல் வெளியிலிருந்து எண்ணெய்க் குழாய் வந்து சேரும் சிறிய கம்ப்ரசர் ஒரு லாரியின் பிரேக் அமைப்பிலிருந்து எடுக்கப்பட்டது. எண்ணெய் ஊட்டாமல் ஓட்டினால் விரைவில் இறுகிவிடும். மூன்று நான்கு சிலிண்டர்கள் படிப்படியாகச் சிறுத்து, கடைசியது விரல் தடிமனுக்கு வந்திருந்தால் அது 200 பாருக்கும் மேல் ஏற்றும் உயர் அழுத்த இயந்திரம். அதைச் சாதாரணத் தொட்டியோடு இணைக்கவே கூடாது.

இனம் தெரிந்தபின் திறனைக் கணக்கிடலாம். சிலிண்டர் விட்டம் 100 மி.மீ., பிஸ்டன் நகரும் தொலைவு 80 மி.மீ., ஒற்றைக் கட்டத்தில் இரண்டு சிலிண்டர்கள், நிமிடத்துக்கு 700 சுற்று என்றால் பிஸ்டன்கள் தள்ளும் காற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 880 லிட்டர். உண்மையில் வெளியே வருவது அதில் சுமார் 70 சதவீதமே. இரட்டைக் கட்டத்தில் பெரிய சிலிண்டரை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும், ஏனெனில் சிறியது ஏற்கெனவே அழுத்தப்பட்ட காற்றையே மீண்டும் அழுத்துகிறது.

ஓட்டுவதற்கு முன்

தொட்டியின் தகட்டில் அனுமதிக்கப்பட்ட உயர் வேலை அழுத்தம், செய்த ஆண்டு, உடல் தகட்டின் கனம், மூடித் தகட்டின் கனம் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிப்படி செய்யப்பட்டதானால் இலை வடிவ வட்டத்துக்குள் ஆங்கில யு எழுத்து முத்திரை இருக்கும். தகடே இல்லாத தொட்டி, ஆணியடித்து மூட்டிய பழங்காலத் தொட்டி, வேறு வேலைக்கான சிலிண்டரை வெட்டிச் செய்த தொட்டி, ஒட்டுப் போட்டு வெல்டிங் செய்த தொட்டி ஆகியவற்றை ஆய்வு செய்வதில் நேரம் செலவிடாமல் ஒதுக்கிவிடுங்கள். புதிய தொட்டி கிடைக்கும். அந்த இயந்திரத்தின் மற்றப் பாகங்கள் அனைத்தையும் அதனோடு இணைத்து ஓட்ட முடியும்.

தகடு சரியாக இருந்தாலும் உள்ளே துரு தின்றிருக்கும். அழுத்தப்பட்ட காற்றிலிருந்து பிரியும் நீர் தொட்டியின் அடியில் தேங்கி, அடித்தட்டை உள்ளிருந்து குழிகுழியாக அரிக்கும். வெளிப்பூச்சு பளபளப்பாகவே இருக்கும். 500 மி.மீ. விட்டமுள்ள தொட்டியில் 10 பார் அழுத்தம் இருக்கும்போது 4 மி.மீ. தகட்டில் ஏற்படும் சுற்றுவாட்டு இழுவிசை 62.5 மெகா பாஸ்கல். அரிப்பு அதை 2 மி.மீ. ஆக்கினால் இழுவிசை 125 மெகா பாஸ்கலாக இரட்டிக்கும். கனம் பாதியானால் பாதி அழுத்தத்தில் ஓட்டலாம் என்று இந்தக் கணக்கைத் திருப்பிப் போட முயல வேண்டாம். குழியின் விளிம்பிலும் வெல்டிங்கின் ஓரத்திலும் விசை குவியும். வெடிப்பு அங்கேதான் தொடங்கும். எவ்வளவு அழுத்தம் பொருந்தும் என்பதை அழுத்தக் கலன் ஆய்வாளரே முடிவு செய்ய வேண்டும்.

கனத்தை அல்ட்ராசோனிக் அளவுமானியால் அளக்கலாம். அடிப்பக்க நடுக்கோடு, வடிகுழாயைச் சுற்றிய பகுதி, கால்கள் பொருந்திய இடம், வெல்டிங்கின் இரு ஓரங்கள் ஆகியவற்றில் நெருக்கமாக அளக்க வேண்டும். அளக்குமிடத்தில் பூச்சை நீக்கிவிடுவது அவசியம். எளிய அளவுமானிகள் பூச்சையும் எஃகாகக் கூட்டிக் காட்டும், அதுவும் பூச்சின் உண்மைக் கனத்தைப் போல இரு மடங்குக்கும் மேலாக. இதற்குப் பிறகு வரும் தண்ணீர்ச் சோதனையில் ஏ.எஸ்.எம்.இ. எட்டாம் பிரிவின் முதல் பகுதி இப்போது வேலை அழுத்தத்தைப் போல 1.3 மடங்கு கேட்கிறது; 1999-க்கு முன் அது 1.5 மடங்காக இருந்தது. தொட்டியின் உச்சியில் துளியும் காற்று எஞ்சாமல் நிரப்பிய பிறகே அழுத்தம் ஏற்ற வேண்டும். சோதனையில் தேறிய தொட்டியும் கன அளவில் தேறாவிட்டால் பயனில்லை, ஏனெனில் அன்று தாங்கிய மெல்லிய தகடு அடுத்த ஆண்டின் துருவையும் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை.

பழைய பாதுகாப்பு வால்வைச் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். புதியது வாங்குங்கள். அது திறக்கும் அழுத்தம் தொட்டியின் அனுமதி அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. அது வெளியேற்றும் அளவு கம்ப்ரசர் தள்ளும் முழு அளவுக்கும் குறையக் கூடாது. தொட்டிக்கும் அந்த வால்வுக்கும் இடையில் மூடக்கூடிய எந்த வால்வும் இருக்கக் கூடாது. கம்ப்ரசருக்கும் தொட்டிக்கும் இடையில் மூடும் வால்வு இருந்தால், அதற்கு முன்னால் கம்ப்ரசர் பக்கம் தனியாக ஒரு பாதுகாப்பு வால்வு இருந்தாக வேண்டும். பழைய அழுத்தமானியையும் மாற்றிவிடுவது நல்லது. முள் பூச்சியத்தில் நிற்பதால் தொட்டி காலியாக இருக்கிறது என்று நம்பக் கூடாது. வடிகுழாயைத் திறந்து வைத்து, காற்று வரவில்லை என்று கண்ட பிறகே எந்தத் திருகையும் கழற்ற வேண்டும்.

மற்ற ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய கேஸ்கட், புகைக்குழாய் உறை, கிளட்ச் தகடு ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டவோ காற்றால் ஊதவோ கூடாது. சுழற்சியாலேயே மின்பொறி உண்டாக்கும் மேக்னெட்டோ உள்ள என்ஜினுக்குப் பேட்டரி தேவையில்லை என்பதால், பெல்ட்டைக் கையால் சுற்றினாலே அது உயிர்பெறலாம்; முதலில் பிளக் கம்பிகளைக் கழற்றி வையுங்கள். கைப்பிடியால் சுற்றித் தொடங்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, மேல்நோக்கி இழுக்க வேண்டும். என்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு தப்பும். வெளியரங்கில் மட்டுமே ஓட்டுங்கள். இந்த இயந்திரத்தின் காற்றைச் சுவாசக் கருவிகளுக்கு எந்த நிலையிலும் தரக் கூடாது. என்ஜின் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு உறிஞ்சும் வழியில் எளிதாக நுழையும்.

அறிகுறி: கையால் சுற்ற முடியவில்லை

என்ஜின் இறுகியதா, கம்ப்ரசர் இறுகியதா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். பெல்ட்டைக் கழற்றியோ கிளட்ச்சை விடுவித்தோ ஒவ்வொன்றையும் தனியே சுற்றிப் பாருங்கள். கம்ப்ரசர்தான் இறுகியது என்றால் தலையைக் கழற்றி, சிலிண்டரில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊற வைத்து, பிளைவீலை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். என்ஜினின் வலிமையால் அதை விடுவிக்க முயல்வது கனெக்டிங் ராடை வளைத்துவிடும். விடுபட்டபின் அந்த எண்ணெயை முழுவதும் துடைத்தெடுப்பது முக்கியம். சூடான அழுத்தக் காற்றோடு அது சேர்ந்தால் தீப்பற்றும். காற்று செல்லும் எந்த வழியையும் பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவக் கூடாது. சோப்புத் தண்ணீரால் கழுவி உலர்த்துவதே பாதுகாப்பு.

அறிகுறி: சுமையின்றி நன்றாக ஓடுகிறது, அழுத்தம் ஏறும்போது திணறி நிற்கிறது

எந்த நேரத்தில் திணறுகிறது என்பதைக் கவனித்தால் பாதி விடை கிடைக்கும். தொட்டி காலியாக இருக்கும்போது நன்றாகத் தொடங்கி, அழுத்தம் உள்ள தொட்டியோடு மீண்டும் தொடங்கும்போது மட்டும் திணறினால், குற்றம், தொட்டிக் காற்றைக் கம்ப்ரசருக்குத் திரும்ப விடாத திரும்பா வால்விலோ, கம்ப்ரசரின் சுமையை இறக்கும் அன்லோடரிலோ இருக்கிறது. திரும்பா வால்வு கசிந்தால் தொட்டியின் அழுத்தம் முழுவதும் பிஸ்டன் தலைமேல் வந்து நிற்கும். என்ஜின் அதை எதிர்த்துத் தொடங்க வேண்டியிருக்கும்.

தொட்டி காலியாக இருந்து நிரம்பும்போதே, ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் ஒவ்வொரு முறையும் நின்றால், என்ஜினின் வலிமை குறைந்திருக்கிறது அல்லது கம்ப்ரசர் வேண்டியதைவிட வேகமாக ஓடுகிறது. எரிபொருள் வடிகட்டி, கார்புரேட்டர் ஜெட், என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங், என்ஜினின் அழுத்தம் என்ற வரிசையில் பாருங்கள். பிறகு கப்பிகளை அளந்து பாருங்கள். பழைய என்ஜின் கெட்டதும் கையில் கிடைத்த புதிய என்ஜினைப் பூட்டியிருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் செயல். நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடிய என்ஜினில் 160 மி.மீ. கப்பியும் கம்ப்ரசரில் 400 மி.மீ. கப்பியும் இருந்தால் கம்ப்ரசர் 600 சுற்றில் ஓடும். அதே கப்பியை 3,600 சுற்று ஓடும் சிறிய என்ஜினில் மாட்டினால் கம்ப்ரசர் 1,440 சுற்றுக்குத் தள்ளப்படும். என்ஜின் திணறி நிற்பது அப்போது நல்வாய்ப்பு. நிற்காமல் ஓடியிருந்தால் வார்ப்பிரும்புப் பிளைவீல் சிதறும் ஆபத்து இருந்தது.

அறிகுறி: அழுத்தம் மிக மெதுவாக ஏறுகிறது, அல்லது ஓரளவுக்கு மேல் ஏறவில்லை

முதலில் அளந்து பாருங்கள். தொட்டியின் கொள்ளளவை ஏறிய பாரால் பெருக்கி, எடுத்துக்கொண்ட நிமிடங்களால் வகுத்தால் கிடைப்பது கம்ப்ரசர் உண்மையில் தரும் காற்றின் அளவு. 200 லிட்டர் தொட்டி 0-விலிருந்து 7 பாருக்கு ஏற 3 நிமிடம் ஆனால் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 467 லிட்டர். சூடான காற்று தொட்டியில் இருப்பதால் இந்த எண் உண்மையைவிடச் சற்று கூடுதலாகவே வரும். மேலே பிஸ்டன் அளவிலிருந்து கணக்கிட்ட எண்ணோடு இதை ஒப்பிட்டால் நோய் எவ்வளவு முற்றியது என்று தெரியும்.

அடைபட்ட காற்று வடிகட்டியும் நழுவும் பெல்ட்டும் எளிய காரணங்கள்; அவற்றை முதலில் நீக்குங்கள். அடுத்து உறிஞ்சும் வழிக்கு அருகே ஒரு தாள் துண்டைப் பிடித்துப் பாருங்கள். விரலை வைக்க வேண்டாம். தாள் உள்ளே இழுக்கப்படுவதோடு ஒவ்வொரு சுற்றிலும் வெளியே ஊதவும் பட்டால், உறிஞ்சும் வால்வு பொருந்தி மூடவில்லை. அந்த வால்வின் மூடி மற்றவற்றைவிடச் சூடாக இருப்பதையும் காணலாம், ஏனெனில் அழுத்தப்பட்டுச் சூடான காற்று அதன் வழியே திரும்பி வருகிறது. கிராங்க் கேஸின் மூச்சுக்குழாயில் பலமாகக் காற்று வெளியேறினால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. அன்லோடர் பாதி அழுத்தி நின்றுவிட்டாலும் உறிஞ்சும் வால்வு திறந்தே இருக்கும்; வால்வைக் கழற்றுவதற்கு முன் அன்லோடரின் பிளஞ்சர் முழுவதும் பின்வாங்குகிறதா என்று பார்ப்பது வீண் வேலையைத் தவிர்க்கும்.

இரட்டைக் கட்ட இயந்திரத்தில் இன்டர்கூலரில் உள்ள அழுத்தமானியே சிறந்த வைத்தியர். அங்கே அழுத்தமானி இல்லையென்றால் ஒன்றைப் பொருத்தச் செலவிடும் பணம் வீண்போகாது. இரு கட்டங்களும் வேலையைச் சமமாகப் பகிர்ந்துகொண்டால், இடை அழுத்தம் இரு முனை அழுத்தங்களின் பெருக்குச் சராசரிக்கு (வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால்) அருகில் இருக்கும். தொட்டியில் 7 பார் என்றால் இன்டர்கூலரில் ஏறத்தாழ 1.8 பார்; 12 பார் என்றால் ஏறத்தாழ 2.6 பார். இடை அழுத்தம் இதைவிட மிகக் குறைவாக இருந்தால் பெரிய சிலிண்டரின் வால்வுகளோ வடிகட்டியோ காரணம். மிக அதிகமாக இருந்தால் சிறிய சிலிண்டரின் வால்வுகள் கசிந்து காற்றைத் திருப்பி அனுப்புகின்றன. இன்டர்கூலரின் சிறிய பாதுகாப்பு வால்வு அடிக்கடி ஊதுவதும் இதே நோயின் குறியே. அந்த வால்வைக் குறை கூறி அதன் ஸ்பிரிங்கை இறுக்குவது நோயை மூடி வைத்துக் குழாயை வெடிக்கச் செய்யும்.

அறிகுறி: அழுத்தம் நிற்காமல் ஏறுகிறது, பாதுகாப்பு வால்வு ஊதுகிறது

உடனே என்ஜினை நிறுத்துங்கள். மின்மோட்டார் கம்ப்ரசரில் அழுத்தம் நிறைந்ததும் சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். என்ஜின் கம்ப்ரசரில் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்; பைலட் வால்வு தொட்டியின் அழுத்தத்தை உணர்ந்து, அன்லோடருக்குக் காற்றை அனுப்பி உறிஞ்சும் வால்வைத் திறந்து பிடிக்கச் செய்யும் அல்லது தள்ளப்படும் காற்றை வெளியே விடும். அதே காற்று ஒரு சிறிய சிலிண்டர் வழியே என்ஜினின் வேகத்தையும் தணிக்கும். இந்தச் சங்கிலியில் எங்கே அறுந்தாலும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

முனையிலிருந்து தேடுங்கள். பைலட் வால்வுக்குச் செல்லும் மெல்லிய குழாய் துருவாலும் எண்ணெய்ப் பிசினாலும் அடைத்திருப்பதே மிகுதியாகக் காணப்படுவது. குழாய் திறந்திருந்தால் பைலட் வால்வின் குண்டு அல்லது இருக்கை ஒட்டியிருக்கும். அதையும் கடந்து காற்று வந்தால் அன்லோடரின் டயஃப்ரம் கிழிந்திருக்கும். அன்லோடர் இயங்கிய பிறகும் என்ஜின் வேகம் குறையாமல் இருந்தால் வேகம் தணிக்கும் சிலிண்டரோ அதன் இணைப்புக் கம்பியோ இறுகியிருக்கிறது.

பாதுகாப்பு வால்வு ஊதியது என்றால் அது தன் கடமையைச் செய்திருக்கிறது. அதை அடைக்கவும், திருகி இறுக்கவும், அதிக அழுத்த வால்வாக மாற்றவும் யார் ஆலோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். அழுத்தமானி குறைவாகக் காட்டும்போதே வால்வு ஊதினால், வால்வை ஐயுறுவதற்கு முன் அழுத்தமானியை ஐயுறுங்கள்; சரிபார்த்த இன்னொரு மானியைப் பொருத்தி ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

அறிகுறி: நிறுத்தியபின் அழுத்தம் இறங்குகிறது

அன்லோடரின் வெளிவழியிலோ காற்று வடிகட்டியிலோ சீறல் கேட்டால் திரும்பா வால்வு கசிகிறது. கேட்காவிட்டால் இணைப்புகளில் சோப்புக் கரைசல் பூசிப் பாருங்கள். தொட்டியின் உடல் தகட்டிலோ வெல்டிங்கிலோ குமிழ் எழுந்தால் அந்தத் தொட்டியின் வாழ்வு முடிந்தது. காற்றை மெல்ல வடிகுழாய் வழியே வெளியேற்றிவிட்டு விலகி நில்லுங்கள்.

அறிகுறி: தட்டும் சத்தம்

எல்லாத் தட்டலும் பேரிங் அல்ல. ஷாஃப்டோடு பூட்டும் சாவி தளர்ந்த பிளைவீல் கனெக்டிங் ராடின் தட்டலையே நினைவூட்டும் ஒலியை எழுப்பும்; அதைச் சரிசெய்யச் சில நிமிடங்கள் போதும் என்பதால் முதலில் பிளைவீல், கப்பி, அடித்தள போல்ட்டுகள் ஆகியவற்றைச் சரிபாருங்கள். சுமையில் மட்டும் கனத்து ஒலித்து, அன்லோடர் இயங்கியதும் தணியும் தட்டல் கனெக்டிங் ராட் பேரிங்கையோ பிஸ்டன் பின்னையோ காட்டும். சுமையிருந்தாலும் இல்லாவிட்டாலும் கூர்மையாக உலோகத்தில் உலோகம் மோதும் ஒலி வந்தால், பிஸ்டன் வால்வுத் தகட்டையோ அதன்மேல் படிந்த கரியையோ உடைந்து விழுந்த வால்வுத் துண்டையோ தொடுகிறது. தலை கழற்றப்பட்டு மெல்லிய கேஸ்கட் போடப்பட்டிருந்தாலும் இது நேரும். இந்த மூன்றாவது ஒலியோடு ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது.

அறிகுறி: அளவுக்கு மீறிய சூடு, வெளியேறும் குழாயில் பூச்சு கருகுதல்

27 பாகை செல்சியஸில் உள்ள காற்றை ஒரே கட்டத்தில் 7 பாருக்கு அழுத்தினால், வெப்பம் வெளியேற வழியே இல்லாத நிலையில் அது 270 பாகை வரை ஏறும் என்பது கணக்கு. இரட்டைக் கட்டத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் அது 130 பாகை அளவோடு நிற்கும். சிலிண்டர் சுவர் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் நடைமுறையில் இவை குறைவாக இருந்தாலும், ஒற்றைக் கட்டம் ஏன் எளிதில் கருகுகிறது என்பதை இந்த எண்கள் விளக்கும்.

துடுப்புகளில் அடைந்த தூசி, கசியும் வால்வு, தவறான சுழல் திசை ஆகியவை வழக்கமான காரணங்கள். பிளைவீலின் ஆரங்கள் விசிறி போல வளைந்திருக்கும். அவை சிலிண்டரை நோக்கிக் காற்றைத் தள்ள வேண்டும். என்ஜினை மாற்றியவர் திசையைக் கவனிக்காமல் விட்டிருந்தால் சூடான காற்று சிலிண்டரிலேயே சுழன்றுகொண்டிருக்கும். எண்ணெய் தெளிக்கும் கரண்டியும் தவறான திசையில் அடித்துப் பேரிங்குகளுக்கு எண்ணெய் போதாமல் செய்யக்கூடும்.

வெளியேறும் குழாயைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். அங்கே தடித்த கரி படிந்திருந்தால் அந்தக் குழாயை மாற்றுவதே நல்லது. எண்ணெய் ஆவியும் கரியும் மிகுசூட்டுக் காற்றும் சேரும் இடத்தில் தீ தானே பற்றி, குழாய் வழியே தொட்டிக்குள் பாயும். உற்பத்தியாளர் குறிப்பிட்ட கம்ப்ரசர் எண்ணெயை மட்டும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் போகாமல் ஊற்றுவது இதற்கான முதல் தடுப்பு. பல பழைய பிஸ்டன் கம்ப்ரசர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 100 தடிமனுள்ள எண்ணெய் பொருந்தும். பாதி என்ஜின் வகையில் மட்டும் ஒரே கிராங்க் கேஸ் என்பதால் என்ஜினுக்கு உரிய எண்ணெயே இரண்டுக்கும் செல்லும்.

அறிகுறி: எண்ணெய் பால்போல் வெளுக்கிறது, அல்லது காற்றோடு எண்ணெய் வருகிறது

வெளுப்பு நீரால் வருவது. சிறிது நேரம் ஓட்டி நிறுத்தும் பழக்கத்தில் இயந்திரம் சூடேறுவதற்குள் நின்றுவிடுவதால் கிராங்க் கேஸில் ஈரம் தங்கும். எண்ணெயை மாற்றி, சுமையில் நீண்ட நேரம் ஓட்டினால் தீரும். நீரால் குளிரும் வகையில் வெளுப்பு தொடர்ந்தால் தலை கேஸ்கட்டை ஐயுற வேண்டும். காற்றோடு எண்ணெய் மிகுந்து வந்தால் எண்ணெய் அளவு, அடைபட்ட வடிகட்டி, ரிங் என்ற வரிசையில் பாருங்கள்.

தகடு வகையிலும் திருகு வகையிலும் எண்ணெய் காற்றோடு வெளியேறினால், பிரிப்பான் வடிகட்டி கிழிந்திருக்கும் அல்லது அதிலிருந்து எண்ணெயைத் திருப்பும் மெல்லிய குழாய் அடைத்திருக்கும். இவ்வகையின் எண்ணெய்த் தொட்டியே ஓர் அழுத்தக் கலன் என்பதை மறக்கக் கூடாது. மேலே சொன்ன தொட்டி ஆய்வு முழுவதும் அதற்கும் பொருந்தும். நிறுத்தியபின் உள்ளழுத்தம் தானாக வெளியேற வேண்டும். வெளியேற்றும் வால்வு ஒட்டியிருந்த நிலையில் எண்ணெய் மூடியைத் திறந்தவர்கள் கொதிக்கும் எண்ணெயால் முகம் வெந்திருக்கிறார்கள். பல இயந்திரங்களில் வெப்பம் 110 முதல் 120 பாகை அளவில் ஏறியதும் என்ஜினை நிறுத்தும் சுவிட்ச் இருக்கும். பழையவற்றில் அது துண்டிக்கப்பட்டிருப்பதைக் கண்டால் முதல் வேலையாக மீண்டும் இணையுங்கள்.

அறிகுறி: வடிகுழாயைத் திறந்தால் எதுவும் வரவில்லை

இது நல்ல செய்தியன்று. ஓடிய எந்தக் கம்ப்ரசரின் தொட்டியிலும் நீர் இருக்கும். எதுவும் வராவிட்டால் குழாயின் வாய் துருச்சேற்றால் அடைபட்டிருக்கிறது. தொட்டியின் அடித்தட்டு நெடுங்காலமாக நீரில் ஊறிக்கொண்டிருக்கிறது. அழுத்தம் இருக்கும்போது கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். மேலேயுள்ள வால்வு வழியாகக் காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகு குழாயைக் கழற்றி, சேற்றை வெளியே எடுத்துப் பாருங்கள். செதில் செதிலாகக் கெட்டித் துரு வந்தால் கனம் அளக்காமல் அந்தத் தொட்டியில் ஒரு பார்கூட ஏற்றக் கூடாது.

ஆய்வில் தேறாத தொட்டியை அப்படியே ஓரத்தில் வைத்துவிடக் கூடாது. வெளியே பார்க்க நன்றாக இருக்கும் தொட்டியை வேறொருவர் எடுத்துப் பொருத்திவிடுவார். தகட்டைக் கழற்றி ஆவணமாக வைத்துக்கொண்டு, காற்றை முழுவதும் வெளியேற்றி, நீரை நிரப்பி வைத்து, உடல் தகட்டில் மீண்டும் அடைக்க முடியாதபடி பெரிய துளையைக் கைத்துளைப்பானால் இடுங்கள். உள்ளே எண்ணெய் ஆவி தங்கியிருக்கும் என்பதால் வெட்டும் தீயை அதன் அருகே கொண்டு செல்ல வேண்டாம்.